மரத்துக்கு அந்தப் பக்கம்

டேப்பின் நுனி அவள் கைக்கு வந்து சேர்ந்த விதம் சரியில்லை.

ஆய்வுத் திடலில் இருக்கும் மரங்கள் எல்லாமே பெரும் பருமன். கட்டிப்பிடித்தால் பாதி மரம்கூடக் கைக்குள் அடங்காது. போன வருடம் நெஞ்சு உயரத்தில் அடித்த வெள்ளைப் பெயின்ட் கோட்டின் மேலேயே டேப்பை ஓட்டி, மரம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அளக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் மரத்துக்கு அந்தப் பக்கமாக நுனியைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். தனி ஆளாக வந்தால் சர்க்கஸ்தான். டேப்பை நெஞ்சால் மரத்தோடு அழுத்திக்கொண்டு, நுனியை ஒரு பக்கமாக வீசிவிட்டு, கன்னம் பட்டையில் உரச, மறுபக்கமாகக் கையை நீட்டித் துழாவ வேண்டும். பத்து தடவை வீசினால் ஒரு தடவை அகப்படும். மற்ற நேரமெல்லாம் கொடியில் மாட்டும், வேரிடுக்கில் விழும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இலைகளில் தங்கிய தண்ணீர் மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குச் சொட்டிச் சொட்டி இறங்கும் சத்தம், மட்கிய இலையும் காளானும் கலந்த வாசனை, எங்கோ ஒரு தவளை விட்டுவிட்டுக் கத்துவது, இவற்றுக்கு நடுவே அவள் பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். விரலில் பாசி ஈரம். ஓர் எறும்பு. பிறகு டேப்பின் நுனி, அதன் சின்ன உலோகக் கொக்கியோடு, விரித்த உள்ளங்கையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. விழவில்லை. யாரோ வைத்ததுபோல இருந்தது. வைத்துவிட்டு அவள் விரல்களை மெல்ல மடக்கிவிட்டதுபோலவும் இருந்தது.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு, படித்த பெண் அல்லவா, காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். டேப் நனைந்தால் விறைக்கும், விறைத்த டேப் சுருண்டு திரும்பும், திரும்பியது கையில் பட்டிருக்கும். அளவைப் பார்த்து போனில் பதிந்துகொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அங்கே நுனி வழக்கம்போல வேரிடுக்கில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தபோது அவளுக்கு எரிச்சலே வரவில்லை.

அவள் இங்கே தனியாக வந்திருக்கவே கூடாது. ஒற்றை ஆளாக யாரும் காட்டுக்குள் போகக்கூடாது என்பது துறையின் சட்டம். முன்பு ஒரு மாணவன் மேல் காய்ந்த கிளை முறிந்து விழுந்து, கால் ஒடிந்து, கூப்பிட ஆளில்லாமல் இரவெல்லாம் கிடந்தான். அவன் இப்போது ஏதோ ஒரு வங்கியில் நொண்டி நொண்டி நடந்து வேலை பார்க்கிறான். சட்டம் மட்டும் காட்டில் தங்கிவிட்டது. அவளுக்கு முதலில் கூட்டாளி இருந்தாள். வகுப்பில் அவர்களை நெட்டையும் குட்டையும் என்றே கூப்பிடுவார்கள். நெட்டைக்குக் கை நீளம், அளவெடுப்புக்கென்றே பிறந்தவள். "மரத்தைக் கட்டிப்பிடிச்சே நம்ம வயசு போயிடும்டி" என்று ஒவ்வொரு மரத்தடியிலும் அலுத்துக்கொள்வாள். அந்த நெட்டைக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, "கோச்சுக்காதடி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேறு கூட்டாளிக்கு அலையாய் அலைந்தாள். யாருக்கும் அட்டைக்கடியில் ஆசையில்லை. இந்தப் பருவத்து அளவெடுப்பு தவறினால் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும், விடுதி அறை கைமாறும், அவள் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அம்மா அப்பா போன பிறகு அது அண்ணன் வீடு மட்டும்தான். போன வாரம் அண்ணன் போனில் "எப்ப முடியும்?" என்று கேட்டான். பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அந்த ரூம்ல குட்டிப்பையன் சாமானெல்லாம் வெச்சாச்சுன்னு சொல்லுங்க. வந்தா ஹால்லதான் படுக்கணும்."

"கேட்டுச்சா?" என்றான் அண்ணன்.

"கேட்டுச்சுண்ணா," என்றாள் அவள்.

ஆய்வேடு முடிந்தால் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்று வழிகாட்டியான மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். வேலையோடு ஓர் அறை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய, அவளுடைய சொந்த அறை. அதற்காகத்தான் அந்தப் பொய்.

"நெட்டை போயிட்டாளாமே, இப்ப உன்கூட யாரு வர்றா?" என்று மேடம் லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"தாவரவியல்ல ஒரு பொண்ணு மேடம். உதவிக்கு வர்றேன்னிருக்கா."

"சரி, பாத்துப் போங்க ரெண்டு பேரும்."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. காட்டு வாசலில்கூட அப்படித்தான். கேட்காரரின் அறைக்கு இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். உட்கார்ந்தபடி எந்நேரமும் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்கு வருகிறவர்களின் கை மட்டும்தான் தெரியும். உள்ளே போகிற ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பார், திரும்பும்போது வாங்கி ஆணியில் மாட்டுவார். அவள் "ரெண்டு பேருண்ணே" என்று சொல்லி இரண்டு டோக்கன் வாங்குவாள், மாலையில் இரண்டையும் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் அவர் வாய் சும்மா இருக்காது.

"எங்கம்மா அந்தப் பொண்ணு? கண்ணுலயே பட மாட்டேங்குதே?"

"பின்னாடி வர்றா அண்ணே. எப்பவும் எனக்குப் பின்னாடிதான் நடப்பா."

"குரலும் கேக்கல. ஊமையா?"

"ஐயோ இல்லண்ணே, ரொம்பக் கூச்சம். புது ஆளுன்னா வாயே திறக்க மாட்டா."

"உன்கிட்டயாவது பேசுவாளா?"

"என்னை விட்டா அவளுக்கு வேற யாரு இருக்கா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அது அவளைப் பற்றிய பேச்சு. இப்படித்தான், கேட்ட கேள்விக்கெல்லாம் வாயில் வந்ததைச் சொல்லிச் சொல்லி, இல்லாத ஒருத்திக்கு அவள் குணம் சேர்த்துக்கொண்டே போனாள். வேண்டுமென்று செய்யவில்லை. கைவசம் இருந்தது அவளுடைய குணம்தான்.

நுனி கையில் வந்து உட்கார்ந்த மறுவாரம், மாலை திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு டோக்கன்தான் இருந்தது. மற்றப் பைகளைக் குடைந்தாள். தோள்பையைக் கவிழ்த்தாள். இலைக்குப்பைக்குள் விழுந்திருந்தால் அதைத் தேடி எடுக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்று, "அண்ணே, ஒண்ணு தொலைஞ்சு போச்சு போல இருக்கு" என்று இழுத்தாள்.

"எது தொலைஞ்சுது? அதான் அந்தப் பொண்ணு குடுத்துட்டு அப்பவே போயிடுச்சே." அவர் திரும்பாமலே சுவரில் இருந்த ஆணியைக் காட்டினார். டோக்கன் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடித்ததைச் சொல்லாமல் கேலி செய்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு அவள் விடுதிக்கு நடந்தாள். எங்கேயாவது அவள் தவறவிட்டதை அவரே எடுத்து மாட்டியிருப்பார். நல்ல மனுஷன், மேடத்திடம் போட்டுக்கொடுக்க மாட்டார். அப்படி நினைத்தபோது நெஞ்சு லேசாகக்கூட ஆனது. ஆனால் அந்த மனிதர் இருக்கையை விட்டு எழுந்து அவள் பார்த்ததில்லை.

அளவெடுப்பில் ஒரு பழக்கம் உண்டு. டேப்பைப் படிப்பவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் தப்பாக விழுந்துவிடக் கூடாது என்பதற்காக நெட்டை காலத்திலேயே படிந்த பழக்கம். தனியாக வந்த பிறகும் அவள் வாய் எண்ணைச் சொல்வதை நிறுத்தவில்லை. மரத்துக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்வாள், பதில் வராத அந்தச் சின்ன இடைவெளியில் நெட்டையைக் கொஞ்சம் திட்டுவாள், பிறகு பதிந்துகொள்வாள்.

பலகை வேர்கள் இடுப்பு உயரத்துக்குப் பிரிந்து நிற்கும் ஒரு மரத்தில், அவள் எண்ணைச் சொன்னாள்.

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

தணிந்த குரல். ஆணென்றும் பெண்ணென்றும் சொல்ல முடியாத, யாருடைய குரலாகவும் இல்லாத குரல். பேசிப் பழகாத வாய் முதல் முதலாகச் சொல்லிப் பார்த்தது போல எண்ணின் நடுவில் ஒரு தடுக்கல். எண் சரியாக இருந்தது.

தவளைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. சொட்டும் தண்ணீர் மட்டும் சொட்டியது. ஓடு என்று கால் சொன்னது. அவள் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதை நினைத்துப் பார்க்கத்தான் பிறகு அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. அந்தக் குரல் கேட்டதும் அவளுக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது நிம்மதி. அன்று காலை எழுந்ததிலிருந்து அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"சரி," என்றாள், மரத்தைப் பார்த்து. "அடுத்தது போலாமா?"

அதன் பிறகு வேலை மடமடவென்று ஓடியது. கையை நீட்டினால் நுனி வந்தது. எண்ணைச் சொன்னால் எண் வந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்கக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே போகவில்லை, பார்த்தால் போய்விடுமோ என்று. அளந்துகொண்டே பேசினாள். அண்ணி ஹாலைப் பற்றிச் சொன்னதை, விடுதி மெஸ்ஸில் தனி மேஜையில் சாப்பிடுவதை, நெட்டைக்கு அனுப்பிய செய்திக்கு இன்னும் பதில் வராததை. பதிலுக்கு எதுவும் வராது, எண்கள் மட்டும்தான். ஆனாலும் பேச்சைக் கேட்கிற ஆள் ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியாதா? ஒருநாள் திரும்பும் வழியில் பின்னால் இலைகள் நசுங்கும் சத்தம் அவளோடு கூடவே வந்தது. அவள் நடையைக் கொஞ்சம் குறைத்தாள், வருகிற ஆளுக்குச் சிரமம் வேண்டாமே என்று.

அளவெடுப்பு முடியப்போகிற வாரத்தில் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். முதல் தடவையாக லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரம் முடிக்கப் போறீங்களே, பெரிய விஷயம்மா. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா, நன்றி சொல்லணும். அவளை நான் பாத்ததே இல்லையே, எப்படி இருப்பா?"

அவள் ஒரு முகத்தை யோசித்தாள். ஒன்றும் வரவில்லை.

"என்னை மாதிரியேதான் இருப்பா மேடம்," என்றாள்.

மேடம் சிரித்தார். "அப்ப அடையாளம் கண்டுபிடிச்சிடலாம்."

மறுநாள் காட்டுக்குள் போய் முதல் எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் மாறியிருந்தது. தடுக்கல் இல்லை. வார்த்தையின் கடைசியை லேசாக விழுங்குகிற குரல். அவளுடைய குரல். போனில் பதிவு செய்து போட்டுக் கேட்கும்போது நமக்கே பிடிக்காதே, அப்படி.

எதிரொலி என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். எதிரொலிக்கு மூச்சு வாங்காது.

அன்றோடு முடித்துவிட வேண்டும் என்று வெறியாக அளந்தாள். பேசவில்லை. அவள் பேசாததால் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்தது. ஹாலைப் பற்றி. தனி மேஜையைப் பற்றி. நெட்டை பதில் போடாததைப் பற்றி. அவள் சொன்ன அதே வார்த்தைகள், அவள் குரல் கம்மிய அதே இடங்களில் கம்மி. கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை வந்தது. பாவம் என்றிருந்தது. யாரைப் பாவம் என்கிறோம் என்று புரியவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மறுபடி தூறல். கடைசி மரம், திடலிலேயே பெரியது. நுனி வந்தது. இழுத்துப் பிடித்து, கோட்டின் மேல் வைத்து, அளவைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் எண்ணைச் சொல்லிவிட்டது.

அதை அவள் திருப்பிச் சொன்னாள். வாய் தானாகச் சொன்னது.

"முடிஞ்சுது," என்றாள் பிறகு. "இனிமே நீ வர வேண்டாம். இன்னியோட சரி."

டேப் இறுகியது. அவள் விட்டாலும் கீழே விழவில்லை, மரத்தைச் சுற்றி விறைப்பாக நின்றது.

முதல் தடவையாக அந்தப் பக்கம் போனாள். வேரைப் பிடித்து, வேரைத் தாண்டி. யாரும் இல்லை. ஈர மண்ணில் காலடித் தடம் மட்டும். அவள் பூட்ஸின் அதே அடிப்பாகம். தடம் மரத்தைச் சுற்றிப் போனது. பின்தொடர்ந்தாள். ஒரு முழுச் சுற்று. அவள் நின்றிருந்த இடமே வந்தது. டேப் இல்லை. தோள்பை இல்லை. பைக்குள் வைத்திருந்த போனும் டோக்கன்களும் இல்லை.

பாதையில், மழைக்குள், யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். அவள் தோள்பையோடு. அவசரமில்லாமல்.

ஓடினாள். ஓட்டமாக ஓடியும் எட்டவில்லை. எப்போதும் ஒரு திருப்பம் முன்னால். இப்போது அவள்தான் எப்போதும் பின்னாடி.

கேட்காரரின் ஜன்னலில் டிவி வெளிச்சம். ஆணியில் இரண்டு டோக்கன்கள். "அண்ணே!" என்று கத்தினாள். "அண்ணே, என் பையை எடுத்துட்டு யாரு போனா?"

அவர் குனிந்து ஜன்னல் வழியாக அவளை ஏறிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, உனக்குப் பேச வருமா! இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் உன் குரலைக் கேக்கறேன்."

"நான்தாண்ணே. தினம் டோக்கன் வாங்கறது நான்தான்."

"அது அந்தப் பொண்ணுல்ல? இப்பதான் அழுதுக்கிட்டே போகுது. மேடத்தைப் பாக்கணும்னு சொல்லிச்சு. என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" பிறகு குரலைத் தாழ்த்தி, கரிசனமாக, "போம்மா, போய் சமாதானம் பண்ணு. உனக்கும் அவளை விட்டா யாரு இருக்கா?"

துறைக் கட்டடத்தில் மேடத்தைத் தவிர எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மாடிப்படியில் ஈரச் சேற்றுத் தடங்கள் மேலே ஏறிப் போயிருந்தன. அவள் அவற்றின் மேலேயே கால் வைத்து ஏறினாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் வழி. தனியாகத்தான் போனேன், கூட யாருமே வரவில்லை, ஆய்வேடு போனால் போகட்டும், ஹாலில் படுத்துக்கொள்கிறேன். சொல்லிவிட்டால் அந்த இன்னொருத்தி இல்லாமல் போய்விடுவாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தாள். மேடத்தின் கதவு பாதி திறந்திருந்தது. டியூப்லைட் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

உள்ளே யாரோ விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

"...நான் தனியாத்தான் போனேன் மேடம். கூட யாருமே வரல. அப்படி ஒரு பொண்ணே கிடையாது. நான் பொய் சொன்னேன்."

அவள் குரல். அவள் வாய்க்குள் வைத்திருந்த அதே வார்த்தைகள்.

மேடம் எழுந்து போய் அந்தத் தோளில் கை வைத்தார். ஈரத் தலை. அவளுடைய சட்டை. நாற்காலிக்குக் கீழே சேற்று பூட்ஸ்.

"அழாதே. உண்மையைச் சொல்லிட்டே இல்ல, அது போதும். அளவு எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆய்வேட்டைப் பத்திக் கவலைப்படாதே, வேலையைப் பத்தியும். நான் பாத்துக்கறேன்."

கதவருகில் நின்றவள் வாயைத் திறந்தாள். மேடம் என்று கூப்பிட. வரவில்லை. கூச்சமாக இருந்தது. தாங்க முடியாத கூச்சம், வாயையே திறக்கவிடாத கூச்சம். தொண்டைக்குள் ஒரே ஓர் எண் மட்டும் இருந்தது, கடைசி மரத்தின் அளவு. அதைச் சொன்னாள்.

மேடம் நிமிர்ந்தார். "யாரது வாசல்ல?"

நாற்காலியில் இருந்தவள் மெல்லத் திரும்பினாள். அழுது சிவந்த கண்கள். நேராக, நன்றாக, பார்த்தாள். அந்த முகத்தில் கோபமில்லை, வெற்றியுமில்லை. நெடுநாள் வெளியே நின்றுவிட்டு இப்போதுதான் உள்ளே வந்த ஒருத்தியின் ஆசுவாசம் மட்டும் இருந்தது.

"யாரும் இல்ல மேடம்," என்றாள். எழுந்து வந்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.